ஈ.கோலி வரைபடத்தில் முதல் 20 நிமிடத் தட்டை: மாடலை மாற்றுங்கள்

டைட்டானியம் டைஆக்சைடும் யூவி வெளிச்சமும் கொண்டு ஈ.கோலி பாக்டீரியாவைக் கொல்லும் சோதனையில், உயிரோடுள்ள பாக்டீரியா எண்ணிக்கையின் வரைபடம் முதல் 20 நிமிடம் ஏன் தட்டையாக நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தரவு சரியாகத்தான் இருக்கிறது. சிக்-வாட்சன் மாடலின் நேர்கோடுதான் (எண்ணிக்கையின் லாகரிதம் தொடக்கம் முதலே சீராக இறங்கும் என்பது) அதற்குப் பொருந்தாது. முதல் 20 நிமிடம் எண்ணிக்கை அசையாமல் நின்று, பிறகு மளமளவென்று இறங்குவது டைட்டானியம் டைஆக்சைடு கிருமிநீக்கத்தில் அடிக்கடி பார்ப்பது. ஹோம் சமன்பாட்டை (நேரத்துக்கும் ஓர் அடுக்கு வைக்கும் கிருமிநீக்க மாடல்) போட்டுப் பாருங்கள். நேரத்தின் அடுக்கு 1-க்கு மேல் வந்தால் இந்தத் தோள்பட்டை வளைவு கிடைக்கும்.

வெளிச்சம் பட்ட டைட்டானியம் டைஆக்சைடில் உருவாகும் ஹைட்ராக்சில் ராடிக்கல் ஒரே அடியில் செல்லைக் கொல்வதில்லை. முதலில் வெளிச்சவ்வு, பிறகு உள்சவ்வு என்று சேதம் சேர்ந்துகொண்டே போக வேண்டும். செல்லைக் காக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகளும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கின்றன.

ஆனால் மாடலைத் தொடும் முன் விளக்கைச் சோதியுங்கள். பாதரச விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் ஆகும். கிடை அச்சில் நேரத்தை எடுத்துவிட்டு, ரேடியோமீட்டரில் (வெளிச்சத்தின் வலிமையை அளக்கும் கருவி) அளந்து கூட்டிய யூவி அளவைப் போட்டு வரையுங்கள். தட்டை குறுகினால் அந்தப் பங்கு விளக்குடையது, மீதிதான் பாக்டீரியாவுடையது. இருட்டில் கேட்டலிஸ்ட்டோடு (டைட்டானியம் டைஆக்சைடு) ஒன்று, கேட்டலிஸ்ட் இல்லாமல் வெளிச்சத்தில் ஒன்று என இரண்டு கண்ட்ரோலும் (ஒப்பீட்டுச் சோதனை) கட்டாயம் வேண்டும்.

கடைசிப் புள்ளிகளில் கவனம். மாதிரியை நீர்க்காமல் 0.1 மிலி வளர்ப்புத் தட்டில் பரப்பினால் ஒரு காலனி என்பது மில்லிலிட்டருக்கு 10 பாக்டீரியா. காலனியே வராத தட்டுக்குப் பொருள் "10-க்கும் கீழே" என்பதுதான், பூஜ்யம் அல்ல. அதை நிஜ அளவீடு போல அப்படியே ஃபிட்டில் (வளைவு பொருத்தும் கணக்கில்) சேர்த்தால் வால் பகுதி பொய்யாக வளையும்.