பள்ளியில் மருந்தடிப்பதைப் பெற்றோரிடம் சொல்லாமல் விடலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைகளில் கரப்பான் பூச்சிக்கு மருந்தடித்திருக்கிறார்கள். மறுநாள் மதியம் மூச்சுத் திணறலோடு அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். என்ன மருந்து என்று கேட்டால், "அது கான்ட்ராக்டர் வேலை, எங்களுக்குத் தெரியாது" என்கிறது நிர்வாகம். பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லையா?

பதில்: பள்ளியில் மருந்தடிப்பதற்கு முன் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தில் இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2000-இல் இயற்றிய சட்டப்படி, பெயர் பதிந்துகொண்ட பெற்றோருக்கு அரசுப் பள்ளிகள் 72 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வைக்கும் எச்சரிக்கைப் பலகையை, அடித்து 72 மணி நேரம் ஆகும்வரை எடுக்கக் கூடாது. அத்தகைய விதி இங்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால், விதி இல்லாததால் உங்கள் பள்ளிக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது.

தம் வீட்டுத் தேவைக்கு மருந்து பயன்படுத்துவோருக்கு நம் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பள்ளி வகுப்பறை எவருடைய வீடும் அல்ல. கட்டணம் பெற்றுக்கொண்டு பூச்சி ஒழிப்புப் பணி செய்பவர் 13-ஆம் பிரிவின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமத்தைப் பார்க்காமலும், என்ன மருந்து என்று கேட்காமலும் வகுப்பறையைத் திறந்துவிட்டிருந்தால், "தெரியாது" என்ற பதிலே நிர்வாகத்தின் கவனக்குறைவுக்குச் சான்றாகும். பள்ளி அழைத்துச் சென்ற சுற்றுலாவில் பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கில், உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியே இழப்பீடு தர வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கும்பகோணம் தீ விபத்தைத் தொடர்ந்து நடந்த வழக்கில், கல்வி உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று 2009-இல் அதே நீதிமன்றம் கூறியது. பள்ளியில் ஒப்படைத்த குழந்தைக்கு வந்த தீங்கைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்க முடியாது என்று வாதிட இவை வலுவான அடிப்படை.

உங்கள் வழக்கின் கடினமான இடம் வேறு. ஏற்கெனவே வீசிங் உள்ள குழந்தை என்பதால், அன்றைய திணறலுக்கு மருந்துதான் காரணம் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆகவே, வகுப்பறையில் மருந்தடித்த செய்தி மருத்துவமனைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், மருத்துவரைச் சந்தித்து நடந்ததைக் கூறி, அவர் கருத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதே வகுப்பில் வேறு குழந்தைகளுக்கும் இருமலோ கண் எரிச்சலோ இருந்ததா என்று விசாரித்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

பிறகு, மருந்தின் பெயர், லேபிளின் நகல், தெளித்த நேரம், நிறுவனத்தின் உரிம எண் ஆகியவற்றைக் கேட்டுப் பள்ளிக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பள்ளி மௌனம் காத்தாலும், அந்நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்பதை உரிமம் வழங்கும் அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம்.

நச்சுப் பொருளைக் கவனக்குறைவாகக் கையாள்வதைத் தண்டிக்க, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 286-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் மருந்து எது என்று தெரியுமுன் காவல் நிலையம் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்வி நிறுவனங்களுக்கு எதிரான நுகர்வோர் வழக்குகள் பெரும்பாலும், அவற்றை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாமா என்ற ஏற்புடைமைக் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வதால், இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றமே உகந்தது.

உங்கள் மகள் அதே வகுப்பறைக்குத்தான் தினமும் போகிறாள் என்பதால், வழக்கு ஒருபுறம் இருக்க, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுத்து மூலமான தீர்மானம் ஒன்றைக் கேளுங்கள். விரிசல்களை அடைத்து, உணவுக் கழிவை அன்றன்றே அகற்றி, தேவைப்பட்டால் கரப்பானுக்கான ஜெல் மருந்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். தெளித்தே ஆக வேண்டுமானால் நீண்ட விடுமுறையில், மூன்று நாள் முன்னறிவிப்போடு தெளிக்கலாம். மீந்த மருந்தும் காலி டப்பாவும் பள்ளி வளாகத்தில் இருக்கவே கூடாது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்; 2013-இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்து 23 குழந்தைகள் உயிரிழந்ததை அக்கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.