மறதி இல்லை, பதியவில்லை

கேள்வி: எனக்கு 44 வயது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க ஓயாத வலி தரும் நோய். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன், மூளை மந்தமாகிவிட்டதுதான் தாங்கவில்லை. பில்லில் பார்த்த தொகை லெட்ஜரில் எழுதுவதற்குள் மறந்துவிடுகிறது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரிவதில்லை. தினமும் பிரிகாபலின் 75 மி.கி., இரவு 11 மணிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். தும்மலுக்கு அவ்வப்போது கடையில் மாத்திரை வாங்குவேன். இது டிமென்ஷியா என்கிற மறதிநோயின் தொடக்கமா?

பதில்: நீங்கள் சொல்வதில் டிமென்ஷியாவின் சாயல் தெரியவில்லை. ஒன்றை மறக்க வேண்டுமானால் முதலில் அது மனத்தில் பதிந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பதிவதே சிரமமாக இருக்கிறது. ஒரு தொகையைச் சில விநாடி மனத்தில் பிடித்துவைக்கக் கவனம் வேண்டும். ஓயாத வலியும் அரைகுறைத் தூக்கமும் அந்தக் கவனத்தில் பங்கு கேட்கின்றன. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் ஒருவர் பேசினால் தொகை நழுவிவிடுகிறது. இது உங்கள் கற்பனை இல்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் (American College of Rheumatology) 2010-இல் வெளியிட்ட ஃபைப்ரோமயால்ஜியா அளவுகோலில், அசதி, எழுந்த பிறகும் தீராத களைப்பு ஆகியவற்றோடு இந்த மந்தமும் இடம்பெற்றிருக்கிறது.

பழகிய தெருவில் வழி தவறுவது, மாதாமாதம் மோசமாகிக்கொண்டே போவது, உங்களைவிட வீட்டாருக்கே மறதி அதிகமாகத் தெரிவது: இவை இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ உடனே 108.

எனக்கு முதல் சந்தேகம் உங்கள் மாத்திரைகள் மேல்தான். அமிட்ரிப்டிலினை 11 மணிக்குப் போட்டால் அதன் தூக்கக் கலக்கம் காலை வரை நீளக்கூடும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தும்மல் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோர்பெனிரமின் என்று இருந்தால் அதுவும் மந்தத்தைக் கூட்டும், அமிட்ரிப்டிலினோடு சேரும்போது இன்னும் அதிகமாகும். தூக்கம் அதிகம் தராத ஃபெக்சோஃபெனடின் பொருந்துமா என்று கேட்கலாம். பிரிகாபலினும் மந்தம் தரக்கூடியதே. ஆனால் அதை நீங்களாகச் சட்டென நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஃபைப்ரோமயால்ஜியா கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். நீங்கள் சைவமாக இருந்தாலோ, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ பி12 முக்கியம். பலத்த குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

இனி வேலைக்கு வருவோம். லெட்ஜர் வரியின் கீழ் ஸ்கேல் வையுங்கள். 48,365 என்றால் "நாற்பத்தெட்டு... முன்னூற்று அறுபத்தைந்து" என்று இரண்டாக உடைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். காதும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். யாராவது கூப்பிட்டால், நிமிர்வதற்கு முன் அந்த வரியில் பென்சிலால் ஒரு புள்ளி. 25 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கண்மூடி உட்காருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் செல்போனைத் தொட்டால் அது ஓய்வாகாது. கூட்டல் சரிபார்ப்பது போன்ற கடினமான வேலையைத் தலை தெளிவாக இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள்.

அடுப்படியில் விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து டைமர் வைத்தால் போதும். மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா வாங்குங்கள். போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டாவது முறை விழுங்குவதைத் தடுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

தினமும் ஒரே நேரத்துக்கு எழுங்கள், மதியம் 2 மணிக்கு மேல் காபி வேண்டாம். சமதரையில் 5 நிமிட நடையில் தொடங்கி வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: தலை தெளிந்த நாளில் பரணிலிருந்து பாத்திரம் வரை எல்லாவற்றையும் துலக்கிவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் படுப்பார்கள். தெம்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இரண்டு வாரம் தூங்கிய நேரம், மாத்திரை போட்ட நேரம், மந்தமாக இருந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரே நோட்டில் குறித்து, தும்மல் மாத்திரை உட்பட எல்லா அட்டைகளோடும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.