டிக்‌ஷனரி காலியா இருக்கு, அக்கா!

பைத்தானில் பல பிராசஸ் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் புரோகிராம்கள்) ஓட்டுகிறவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், கோலாலம்பூரில் பேக்கெண்ட் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் அக்கா.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): சிப் டெஸ்ட் ஃபைல்களைப் படிக்க நாலு பிராசஸ் போட்டேன். எல்லாமே ஒரே குளோபல் டிக்‌ஷனரியிலதான் எழுதுது. முடிஞ்சதும் பார்த்தா காலி. எர்ரரும் இல்லை.

பதில்: எழுதியது உண்மைதான் தம்பி, ஆனா உங்க டிக்‌ஷனரியில் இல்லை. ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி மெமரி. லினக்ஸில் ஃபோர்க் ஆனதும், அதாவது ஓடும் பிராசஸ் (பேரன்ட்) தன்னைப் போலவே இன்னொன்றை (சைல்ட்) உருவாக்கியதும், பேரன்ட்டின் மெமரி பக்கங்களையே சைல்டும் பார்க்கும். இருவரில் யார் எழுதினாலும் அந்தப் பக்கத்துக்குத் தனிப் பிரதி வந்துவிடும். விண்டோஸில் அதுவும் கிடையாது. பைத்தான் புதுசா ஆரம்பிச்சு உங்க ஃபைலை மறுபடி இம்போர்ட் பண்ணும். அதனால் லேப்டாப்பில் லினக்ஸ், தொழிற்சாலையில் விண்டோஸ் என்றால் இன்னும் குழப்பம்.

பகிரவே வேண்டாம். ஃபங்ஷன் விடையை ரிட்டர்ன் பண்ணட்டும். பல பிராசஸுக்கு வேலையைப் பங்கிடும் பூலில் உள்ள மேப் எல்லாத்தையும் பேரன்ட்டிடம் சேர்த்துத் தரும். டிக்‌ஷனரியை அங்கே கட்டுங்க.

கேள்வி (யுஎஸ்எம் மாணவி, பினாங்கு): நாலு பிராசஸ், ஒவ்வொன்றும் ஒரு வேல்யூவை (பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் எண்) 1,00,000 தடவை ஒண்ணு ஒண்ணா கூட்டுது. 4,00,000 வரணும், ஒவ்வொரு முறையும் குறையுது. வேல்யூவுக்குள்ளயே லாக் (ஒரு நேரத்தில் ஒருத்தரை மட்டும் விடும் பூட்டு) இருக்குன்னு படிச்சேனே?

பதில்: இருக்கும்மா. ஆனா அது ஒரு வாசிப்பையோ ஒரு எழுத்தையோதான் காக்கும். += 1 என்பது படி, கூட்டு, எழுது என்று மூணு வேலை. கவுண்டரில் 41 இருக்குன்னு வைங்க. முதல் பிராசஸ் 41 படிக்குது, லாக்கை விடுது. அது எழுதுறதுக்குள் இரண்டாவதும் 41 படிச்சிடுது. ரெண்டும் 42 எழுதுது. ரெண்டு தடவை கூட்டியும் ஒண்ணுதான் ஏறிச்சு. கெட்-லாக் கொடுக்கும் லாக்கை வித் போட்டுப் பிடிச்சு, கூட்டல் முழுசையும் அதுக்குள்ள வைங்க, கணக்கு சரியா வரும். ஆனா அப்போ எல்லா பிராசஸும் ஒரே வாசலில் வரிசையில நிக்கும், பல பிராசஸ் போட்ட பலனே போச்சு. அவங்கவங்க தனியா எண்ணி கடைசியில ஒரே தடவை கூட்டுறதுதான் எனக்குப் பிடிச்ச வழி.

கேள்வி (செந்தூல்): சைல்டிலிருந்து பேரன்ட்டுக்கு அனுப்ப கியூவில் பெரிய லிஸ்ட் போட்டா, சைல்ட் முடியக் காத்திருக்கும் ஜாயினில் அப்படியே நிக்குது. சின்ன லிஸ்ட்டுன்னா ஓடுது.

பதில்: கியூவுக்கு அடியில் பைப், அதாவது டேட்டா போகும் குழாய். லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமா 64 கேபி. நிரம்பினால், யாராவது படிக்கும் வரை சைல்ட் வெளியேறாது. நீங்களோ ஜாயினில் அது வெளியேறக் காத்திருக்கீங்க. முதலில் கெட் போட்டு கியூவைப் படிங்க, பிறகு ஜாயின்.

கேள்வி (பட்டர்வொர்த்): திரெட் (ஒரே பிராசஸுக்குள், ஒரே மெமரியில் ஓடும் வேலைகள்) போட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

பதில்: நெட்வொர்க்குக்கும் டிஸ்க்குக்கும் காத்திருக்கும் வேலைன்னா தாராளமா. கணக்குப் போடும் வேலைன்னா வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் என்ற உள் பூட்டு ஒரு நேரத்தில் ஒரு திரெட்டைத்தான் விடும். லாக் தலைவலி அங்கேயும் உண்டு!

கேள்வி (பங்சார்): நம்பை (எண் கணக்கு லைப்ரரி) அரேயா பெரிய படங்கள். கியூ ரொம்ப மெதுவா இருக்கு.

பதில்: கியூ ஒவ்வொரு படத்தையும் பிக்கிள் பண்ணி (அனுப்பக்கூடிய பைட்டுகளா மாத்தி), பைப்பில் தள்ளி, அந்தப் பக்கம் திரும்பக் கட்டுது. மெதுவா இல்லாம என்ன செய்யும்? பகிர்வது நியாயமான இடம் இதுதான். பைத்தான் 3.8 முதல் ஷேர்ட்-மெமரி மாட்யூல் இருக்கு. ஒருத்தர் பிளாக்கை உருவாக்கி, அதன் பெயரையும் அரேயின் அளவு, வகையையும் மட்டும் கியூவில் அனுப்பணும். மற்றவங்க அதே பிளாக் மேல் அரே கட்டிக்கலாம். வேலை முடிஞ்சா எல்லோரும் குளோஸ், கடைசியில் ஒருத்தர் மட்டும் அன்லிங்க். டாக்கரில் (புரோகிராமைத் தனிக் கண்டெய்னரில் அடைத்து ஓட்டும் கருவி) ஓட்டினால் ஷேர்ட் மெமரிக்கு இயல்பா 64 எம்பிதான் இருக்கும், பெரிய படத்துக்கு பஸ் எர்ரரில் விழும். கண்டெய்னரைத் தொடங்கும்போதே கூட்டிக் கொடுத்திடுங்க.