கூடைப்பந்தில் 'ஆறாவது ஆட்டக்காரர்' என்றால் யார்? ஜினோபிலியை ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

ஆட்டம் தொடங்கும்போது ஓர் அணியில் ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து போகும் முக்கியமான மாற்று வீரரைத்தான் ஆறாவது ஆட்டக்காரர் என்கிறார்கள்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஐவரும் அவ்வளவு நேரமும் ஒரே வேகத்தில் ஓட முடியாது. அவர்கள் களைக்கும் நேரத்தில், எதிரணியின் மாற்று வீரர்களுக்கு எதிராக நல்ல தரமான ஒருவர் புதுத் தெம்போடு இறங்கினால் ஆட்டமே மாறிவிடும். இரவு முழுக்க ஓடும் பேருந்தில் இரண்டாவது ஓட்டுநர் இருப்பாரே, அது மாதிரி. பாதி வழியில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார் என்பதால் அவர் திறமை குறைந்தவரா என்ன?

மனு ஜினோபிலி அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் 1977இல் பிறந்தவர். என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1999இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அவரை 57ஆவதாகத்தான் எடுத்தது. அப்போது மொத்தமே 58 இடங்கள். இத்தாலியில் ஆடிவிட்டு 2002இல் ஸ்பர்ஸுக்கு வந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை அரையிறுதியில் வீழ்த்தித் தங்கம் வென்ற அர்ஜென்டினா அணியின் நாயகன் அவர்தான். அப்படிப்பட்டவர், ஸ்பர்ஸ் பயிற்சியாளர் போபோவிச் கேட்டபோது பெஞ்சில் உட்காரச் சம்மதித்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியதே அதனால்தான். நான்கு சாம்பியன் பட்டங்கள், 2008இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது, 2018இல் ஓய்வு, 2022இல் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

பெஞ்சிலிருந்து வருபவர் இரண்டாந்தர வீரர் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் ஸ்பர்ஸ் பெரும்பாலும் ஜினோபிலியைக் களத்தில்தான் வைத்திருந்தது.