கோர்ச்சுலா போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

குரோஷியாவின் தென்கடலோரத்தில் கோர்ச்சுலா என்று ஒரு நீளமான தீவு. அதன் கிழக்கு முனைக்கு அருகில், அதே பெயரில் ஒரு பழைய துறைமுக ஊர். நான் அதே கடலோரத்து நகரமான ஸ்ப்ளிட்டில் குடியிருக்கிறேன் என்பதால் அங்கே போக நினைப்பவர்கள் கேள்விகளை எனக்கு அனுப்புகிறார்கள். சேர்ந்துபோனவற்றுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, டுப்ரோவ்னிக்கிலிருந்து போவது சுலபமா, ஸ்ப்ளிட்டிலிருந்து போவது சுலபமா?

கோடையில் இரண்டும் சுலபம். இரண்டு ஊர்களிலிருந்தும் விரைவுப் படகு உண்டு. ஸ்ப்ளிட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் சொச்சம் ஆகும். டுப்ரோவ்னிக்கிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: பெல்யேஷாட்ஸ் தீபகற்பம் வழியாகச் சாலையில் ஒரெபிச் வரை வந்து, அங்கிருந்து கடலைத் தாண்டுவது. கடக்க வேண்டியது குறுகலான கால்வாய்தான், கால் மணி நேரத்தில் அக்கரை. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஊர் முழுவதும் எதிரே தெரிய, படகு நேராக அதை நோக்கிப் போகும்.

இப்போது என் பழைய புலம்பல். டிக்கெட்டில் இறங்கும் துறையின் பெயரைப் படியுங்கள். தீவில் முக்கியமான துறைகள் மூன்று. கோர்ச்சுலா ஊர்த்துறை ஒன்று. ஒரெபிச்சிலிருந்து கார் ஏற்றிவரும் பெர்ரி நிற்கும் டொமின்ச்சே இன்னொன்று, இது ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். மூன்றாவது தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் வேலா லூக்கா. அங்கே இறங்கினால் கோர்ச்சுலா ஊருக்கு இன்னும் 45 கிலோமீட்டர் மலைச்சாலை. ஸ்ப்ளிட்டிலிருந்து கார் ஏற்றிப் போகும் பெர்ரி வேலா லூக்காவுக்குத்தான் போகிறது. "தீவின் பெயர் சரியாகத்தானே போட்டிருந்தது" என்று இரவு எட்டு மணிக்கு அங்கே நின்று எனக்குப் போன் செய்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

ஒரு பகல் போதுமா? காலையில் போய் மாலை திரும்பலாம் என்று திட்டம்.

போதாது. ஊர் சின்னது, அரை மணியில் சுற்றிவிடலாம், ஆனால் பகலில் நீங்கள் பார்ப்பது சுற்றுலாக் குழுக்களின் முதுகைத்தான். ஓர் இரவாவது தங்குங்கள்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன், தெரிந்துகொண்டு நடந்தால் சுவாரசியம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மேட்டின் முதுகில் வடக்கு தெற்காக ஒரு தெரு ஓடுகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் சந்துகள் மீன் முள்ளைப் போலப் பிரிந்து கடலுக்கு இறங்குகின்றன. மேற்குப் பக்கச் சந்துகள் நேராக இருக்கும். கோடைப் பிற்பகலில் வடமேற்கிலிருந்து மாயெஸ்த்ரால் என்ற இதமான காற்று வரும், அது தடையில்லாமல் உள்ளே வர அந்த ஏற்பாடு. கிழக்குப் பக்கச் சந்துகள் வளைந்திருக்கும். குளிர்காலத்தில் வடகிழக்கு மலைகளிலிருந்து பூரா என்ற காற்று கடலைக் கிழித்துக்கொண்டு இறங்கும், அதை நேராக வீட்டுக்குள் விடக்கூடாது அல்லவா? ஆகஸ்ட் மாதம் மூன்று மணிக்கு மேற்குச் சந்து ஒன்றில் நில்லுங்கள், அப்புறம் கிழக்குச் சந்துக்குப் போங்கள். வித்தியாசத்தைச் சட்டையே சொல்லும். என்னைக் கேட்டால் ஊரில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். இதற்கு டிக்கெட்டும் கிடையாது.

விசா எப்படி வாங்குவது? எத்தனை நாள் ஆகும்?

2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, நாணயமும் அன்றிலிருந்து யூரோ. ஆகவே இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா. மற்றதைத் தூதரக இணையதளத்தில் பாருங்கள், நான் விசா முகவர் இல்லை.

மார்கோ போலோ பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறதாமே? கட்டாயம் பார்க்க வேண்டுமா?

"மார்கோ போலோ வீடு" என்று ஒரு கோபுர வீட்டைக் காட்டுகிறார்கள். மேலே ஏறினால் கூரைகளும் கடலும் அழகாகத் தெரியும், அதற்காக ஏறலாம். அவர் பிறந்தது 1254 வாக்கில். இந்தக் கட்டடம் அதற்கு வெகுகாலம் பிந்தியது. அவ்வளவுதான்.

நான் போனபோது உள்ளூர் வழிகாட்டி ஆதாரத்தோடு சொன்னார். அந்த ஊரில் இன்றும் டெபோலோ என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே?

சரி, விரிவாகவே பேசுவோம். குடும்பப் பெயர் இருப்பது உண்மை. ஆனால் ஒரு பெயர் இரண்டு ஊர்களில் இருப்பதால் இன்னார் இங்கே பிறந்தார் என்று ஆகிவிடாது. போலோவின் பிறப்பைச் சொல்லும் பதிவு கோர்ச்சுலாவிலும் இல்லை, வெனிஸிலும் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது 1324இல் வெனிஸில் அவர் எழுதிவைத்த உயில். குடும்பம், சொத்து, வணிகம் எல்லாமே அந்த நகரத்தில்தான். மூதாதையர் தால்மேஷியக் கடற்கரையிலிருந்து, அதாவது இன்றைய குரோஷியக் கடலோரத்திலிருந்து, வந்தவர்கள் என்று பிற்காலத்து எழுத்துகள் சில சொல்கின்றன, ஆனால் அங்கே வரும் ஊர் ஷிபெனிக், கோர்ச்சுலா இல்லை.

அப்படியென்றால் கோர்ச்சுலா எங்கிருந்து வந்தது? 1298 செப்டம்பரில் இந்தத் தீவை ஒட்டிய கடலில் இத்தாலிய நகர அரசுகளான ஜெனோவாவும் வெனிஸும் மோதின. லம்பா டோரியா தலைமையில் ஜெனோவா வென்றது, வெனிஸ் கப்பற்படை நொறுங்கியது. போலோ அன்று சிறைபிடிக்கப்பட்டார், ஜெனோவா சிறையில் ருஸ்டிகெல்லோ என்ற பீசா நகரத்துக்காரரிடம் தன் பயணக்கதையைச் சொன்னார் என்பது பிரபலமான வரலாறு. சிறையும் ருஸ்டிகெல்லோவும் அவர் நூலின் முகப்பிலேயே வருகிறார்கள். எந்தப் போரில் பிடிபட்டார் என்பது அதில் இல்லை. கோர்ச்சுலாப் போரோடு அவரை இணைத்து எழுதியவர் 16ஆம் நூற்றாண்டில் பயண நூல்களைத் தொகுத்த ரமூசியோ. போலோ காலத்தவரான ஒரு துறவி, 1296இல் ஆசியா மைனரின் தென்கடலோரத்து லயாஸ் துறை அருகே நடந்த சண்டையில் பிடிபட்டார் என்று எழுதியிருக்கிறார். பிறந்ததை விடுங்கள், பிடிபட்டது இங்கேதானா என்பதே கேள்வி.

இத்தாலியர்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறீர்கள். குரோஷியர்களின் பெருமையைக் குறைப்பதில் என்ன லாபம்?

லாபம் ஒன்றும் இல்லை. 2011இல் குரோஷியாவின் முன்னாள் அதிபர் ஸ்டீபன் மெசிச் சீனாவின் யாங்ஜோவில் போலோ அருங்காட்சியகத் திறப்புக்குப் போய் அவரைக் குரோஷியாவில் பிறந்தவர் என்று சொல்ல, இத்தாலியில் பெரிய கூச்சல். இரண்டு பக்கமும் சண்டை போடுவது இன்றைய எல்லைக்கோடுகளை வைத்து. 13ஆம் நூற்றாண்டில் அந்தக் கோடுகளே கிடையாது. கோர்ச்சுலாவுக்குச் சொந்தமான கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இரவல் கதைக்கு வரிசையில் நிற்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். கொனோபா என்ற சிறு உணவகங்களில் பிளிட்வா கேளுங்கள், கீரையும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயில் வதக்கியது. பக்கத்துக் கிராமமான ஷர்னோவோவின் மகருனி என்ற கையால் உருட்டிய பாஸ்தா தீவின் அடையாளம். வழக்கமாகக் கறிக்குழம்போடு வரும், தக்காளிக் குழம்பு போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அசைவக்காரர்களுக்கு ஒன்று: மீன் விலை பெரும்பாலும் கிலோ கணக்கில் போட்டிருக்கும், எடை எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

ஸ்ப்ளிட்டிலிருந்து வாடகைக் காரோடு பெர்ரியில் வருகிறோம். ஓட்டல் ஊருக்குள் கோட்டை வாசல் பக்கத்தில். துறையிலிருந்து நடந்து போய்விடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். 45 கிலோமீட்டர். நடக்கலாம்.

இன்னொன்று, பழைய ஊருக்குள் கார் போகாது, எங்கு பார்த்தாலும் படிக்கட்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மதிலுக்கு வெளியே அறை எடுங்கள்.

டுப்ரோவ்னிக் மாதிரி மதில் மேல் நடக்க முடியுமா?

முடியாது. மதிலின் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். சில கோபுரங்களும் தெற்கே நிலப்பக்கத்து வாசல் கோபுரமும் மிச்சம்.

ஆனால் அந்த மதில் ஒருநாள் ஊரைக் காப்பாற்றியது. 1571 ஆகஸ்ட் நடுவில், ஒட்டோமான் துருக்கியரின் கப்பற்படை தோற்ற லெபாண்டோ போருக்கு இரண்டு மாதம் கூட இல்லாதபோது, தளபதி உலூஜ் அலியின் ஒட்டோமான் கப்பல்கள் இங்கே வந்தன. வெனிஸ் நியமித்த ஆளுநர் அதற்குள் நழுவிவிட்டார். மிஞ்சிய ஊர்மக்களைத் திரட்டி நின்றவர் அந்தூன் ரொசானோவிச் என்ற பாதிரியார். பெண்களும் கவசம் அணிந்து மதில்மேல் நின்றார்களாம், தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய படை போலத் தெரிய. வடக்கிலிருந்து பலத்த காற்று கிளம்பியது, கப்பல்கள் விலகிப் போயின. இது உண்மையிலேயே இந்த ஊரின் கதை. இதைக் கேட்க யாரும் வரிசையில் நிற்பதில்லை.

தேவாலயத்தில் என்ன விசேஷம்?

புனித மாற்கு தேவாலயம். வாசலில் மிலான் சிற்பி போனினோ செய்த சிங்கங்களும், குந்தி உட்கார்ந்திருக்கும் ஆதாமும் ஏவாளும். உள்ளே தின்தொரெத்தோவின் ஓவியம். எனக்கு அதைவிடப் பிடித்தது மணிக்கோபுரத்தின் உச்சி. அது உள்ளூர்க் கல்தச்சர் மார்கோ அந்திரியிச்சின் வேலை. இந்த ஊர்க் கல்தச்சர்கள் அந்தக் காலத்திலேயே கடல் கடந்து வேலைக்கு அழைக்கப்பட்டவர்கள். எதிரே இருக்கும் வர்னிக் என்ற குட்டித் தீவில் பழைய கல்குவாரிகள் இன்றும் இருக்கின்றன. படகு பிடித்துப் போய்ப் பாருங்கள். மார்கோ என்ற பெயரில் இந்த ஊர் கொண்டாட வேண்டியவர் இவர்தான்.

வாள் நடனம் பார்க்க எந்த நாள்?

மொரேஷ்கா. கோடையில் வாரத்துக்கு ஓரிரு மாலைகளில் நடக்கும், தேதியைச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். ஜூலை 29, புனித தியோடரின் திருநாள், அதன் மரபான நாள். வெள்ளை அரசனின் காதலியைக் கறுப்பு அரசன் தூக்கிப்போக, இரண்டு படைகளும் மோதும். குழம்பிவிடாதீர்கள், வெள்ளை அரசனின் ஆட்கள் உடுத்துவது சிவப்பு. ஆளுக்கு இரண்டு வாள், பக்கத்தில் பித்தளை வாத்தியக் குழு. வாளோடு வாள் மோதித் தீப்பொறி பறக்கும். முன்வரிசைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

குழந்தைகளோடு குளிக்க மணல் கடற்கரை?

லும்பார்டா கிராமத்தில் வேலா பர்ஜினா. மற்ற இடங்களில் பெரும்பாலும் கூழாங்கல், பாறை, கடல் முள்ளெலி. ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

ஒயின்?

அதே லும்பார்டா மணலில் விளையும் கர்க் என்ற வெள்ளைத் திராட்சை. அதன் பூவில் பெண் பாகம்தான் வேலை செய்யும், அதனால் தோட்டத்தில் பக்கத்தில் பிளாவாட்ஸ் மாலி என்ற கறுப்புத் திராட்சையையும் நட்டால்தான் காய் பிடிக்கும். குறைவாகவே விளைகிறது, அங்கேயே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

ஹ்வாரா, கோர்ச்சுலாவா?

இரவு முழுக்கக் கூத்து வேண்டுமென்றால் பக்கத்துத் தீவான ஹ்வார்.

வேலா லூக்காவில் அறை மலிவாக இருக்கிறது, அங்கே தங்கி...

அடுத்த கேள்வி.

மார்கோ போலோ காயலுக்கு வந்ததும் கதைதானா? எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிச் சொல்வார்கள்.

அவர் நூலில் காயல் இருக்கிறது. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரையும் சரக்கும் ஏற்றிய கப்பல்கள் வந்து நிற்கும் பெரிய துறை என்கிறார். அரசர்கள் ஐந்து சகோதரர்கள் என்றும், முத்துக்குளிப்பு ஏப்ரலில் தொடங்கி மே நடுவில் முடியும் என்றும், பெரிய மீன்கள் குளிப்பவர்களைக் கடிக்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் எழுதுகிறார். குதிரைக்குச் சோறும் வேகவைத்த கறியும் போடுகிறார்கள், அதனால்தான் அவை சாகின்றன என்பது அவருடைய குறை. பாண்டிய நாட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் கோர்ச்சுலாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, அதையும் கவனியுங்கள்.

அப்படியென்றால் அது காயல்பட்டினமா, பழையகாயலா?

கால்டுவெல் பழையகாயல் என்றார். காயல்பட்டினத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு போலோ சண்டை போதும், இதை தூத்துக்குடி நண்பர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.