பதில்: செயற்கைச் சேனல் தரவில் ஓடும் மாடல் நிஜத்தில் சறுக்குகிறது
வணக்கம். 28 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பீம் தேர்வு (சிக்னலை எந்தத் திசையில் குவிப்பது என்ற முடிவு) செய்யும் மாடலுக்கு, டிஃப்யூஷன் மாடல் (இரைச்சலிலிருந்து படிப்படியாகப் புதிய தரவை உருவாக்கும் ஏஐ) உருவாக்கிய சேனல்களில், அதாவது சிக்னல் வந்துசேரும் பாதைகளின் தரவில், பயிற்சி கொடுத்தீர்கள். கட்டடத்துக்குள் எடுத்த நிஜ அளவீட்டில் அது சறுக்குகிறது என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் தரவில்தான் இருக்கும். இந்த அலைவரிசையில் ஓர் ஆள் குறுக்கே நின்றாலே சிக்னல் 20 டெசிபல் அளவுக்கு விழலாம். நேர்ப்பார்வை (நடுவே தடையில்லாத) மாதிரிகளே அதிகம் பார்த்த டிஃப்யூஷன் மாடல், இப்படி மறைப்பு நேரும் நிலைகளை அரிதாகத்தான் உருவாக்கும்.

முதலில் நிஜம், செயற்கை இரண்டின் தாமதப் பரவலையும் (எதிரொலிகள் எவ்வளவு நேர இடைவெளியில் வருகின்றன) கோணப் பரவலையும் (எத்தனை திசைகளிலிருந்து வருகின்றன) ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். செயற்கைத் தரவில் வால்பகுதி (அரிதாக வரும் பெரிய மதிப்புகள்) குறைந்திருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். அப்புறம் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியை என்விடியாவின் சியோனா என்ற வயர்லெஸ் சிமுலேஷன் மென்பொருளில் ஏற்றி, ரே டிரேசிங் (அலைகள் செல்லும் பாதைகளைக் கணக்கிடும் முறை) மூலம் மறைப்புள்ள சேனல்களைச் சேருங்கள். கடைசியில் பீம் தேர்வு மாடலைக் கொஞ்சம் நிஜ அளவீட்டில் ஃபைன் டியூன் (கூடுதல் பயிற்சி) செய்யுங்கள். சோதனைக்கு மட்டும் செயற்கைத் தரவு வேண்டவே வேண்டாம். வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.