கஸ்டமருக்கு அனுப்புற கிஃப்ட்டை சிஆர்எம்ல எப்படி ட்ராக் பண்றது? காண்டாக்ட்ல ஒரு செக்பாக்ஸ் போட்டா போதுமா?

கேள்வி கேட்டவங்க தக்கலை பக்கம் கம்பெனி வச்சிருக்காங்க, ஓணம் தீபாவளி கிறிஸ்மஸ்னு வருசா வருசம் கஸ்டமருக்கு கிஃப்ட் அனுப்புறாங்க, லிஸ்ட் எல்லாம் எக்செல்ல கெடக்கு, இப்ப சிஆர்எம் (கஸ்டமர் விவரம் எல்லாம் வச்சுக்கிடுற சாஃப்ட்வேர்) வாங்கியாச்சு, "கிஃப்ட் அனுப்பியாச்சு"ன்னு காண்டாக்ட்ல, அதாவது அந்த ஆளோட பதிவுல, ஒரு செக்பாக்ஸ் போட்டா போதுமான்னு கேக்காங்க.

போதாதுங்க. நான் நாகர்கோவில்ல ஒரு கம்பெனில சேல்ஸ் டீமுக்கு சிஆர்எம் பாக்கேன், இந்த வேலை எல்லா சீசனும் என் தலையிலதான் வரும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். செக்பாக்ஸ் போட்டீங்கன்னா இந்த வருசம் டிக் பண்ணுவீங்க, அடுத்த வருசம் என்ன செய்வீங்க? எல்லாத்தையும் எடுத்துவிட்டா போன வருசக் கணக்கு போச்சு, எடுக்காம விட்டா எது எந்த வருசத்து டிக்னே தெரியாது. கிஃப்ட்டுங்கிறது அந்த ஆளோட குணம் இல்ல, அவருக்கு ஒரு தேதியில நடந்த ஒரு விசயம். அதனால ஒவ்வொரு சீசனுக்கும் தனி கேம்பெயின் (ஒரு வேலைக்கு யார் யாருன்னு சேத்து வைக்கிற பதிவு) போட்டு, வாங்குறவங்களை அதுல மெம்பரா சேருங்க. உங்க சிஆர்எம் சேல்ஸ்ஃபோர்ஸா இருந்தா "2025 கிஃப்ட்"னு மேல ஒரு பேரண்ட் கேம்பெயின், அதுக்கு கீழ ஓணம், தீபாவளி, கிறிஸ்மஸ் மூணும், அஞ்சு லெவல் வரைக்கும் விடும். நம்ம மாவட்டத்துல இந்த மூணையும் பிரிச்சு வைக்கிறது ரொம்ப முக்கியம், விளவங்கோடு பக்கம் இருக்க கஸ்டமருக்கு ஓணம் பெருசு, இன்னொருத்தருக்கு கிறிஸ்மஸ்தான் எல்லாம், யாருக்கு எப்ப அனுப்பினா மனசுக்கு பிடிச்சுதுன்னு ரெண்டு மூணு வருசத்துல டேட்டாவே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து மெம்பர் ஸ்டேட்டஸ். இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. சேல்ஸ்ஃபோர்ஸ்ல புது கேம்பெயின் போட்டா சென்ட், ரெஸ்பாண்டட்னு ரெண்டு ஸ்டேட்டஸ்தான் வரும், அது ஈமெயிலுக்கு சரி, பார்சலுக்கு பத்தாது. நீங்களே சேத்துக்கிடுங்க: அட்ரஸ் கன்ஃபார்ம், அனுப்பியாச்சு, டெலிவரி ஆச்சு, கைக்கு கிடைச்சுது, உடைஞ்சுது, திரும்பி வந்துது, பேசியாச்சு. டெலிவரி ஆனதையும் கைக்கு கிடைச்சதையும் ஏன் பிரிக்கணும்னா, கூரியர் சைட்ல "டெலிவர்ட்"னு வந்தா அது பெரும்பாலும் கேட்ல வாட்ச்மேன் கையெழுத்து போட்டதுதான், மேல மேனேஜர் டேபிளுக்கு பார்சல் போச்சா இல்லையான்னு அந்த கையெழுத்து சொல்லாது. மார்த்தாண்டம் தேன் கண்ணாடி பாட்டில்ல அனுப்புறீங்கன்னு வைங்க, மூடி லேசா லூசாயி லேபிள் எல்லாம் பிசுபிசுன்னு, பக்கத்துல வச்ச நேந்திரங்கா சிப்ஸ் பாக்கெட்டும் நனைஞ்ச மாதிரி ஒட்டிப்போய் அவர் கைக்கு போகும், அவர் மரியாதைக்கு "கிடைச்சுது தேங்க்ஸ்"னு மட்டும் சொல்லுவார். "பேக்கிங் நல்லா இருந்துதா சார்"னு சேல்ஸ்ல ஒருத்தர் போன் பண்ணி கேட்டாத்தான் உண்மை வரும். அந்த கால் முடிஞ்ச பிறகுதான் "பேசியாச்சு" ஸ்டேட்டஸ், அதுக்கு முன்னாடி யாரையும் மாத்த விடாதீங்க.

அட்ரஸுக்கு பின்கோடை கட்டாய ஃபீல்டா வைங்க. நம்மூர்ல பாதி ஊர் பேரு "விளை"ல முடியும், அட்ரஸ்ல "குருசடி பக்கம்"னு, அதாவது சிலுவை வச்ச சின்ன கோயில் பக்கம்னு எழுதிக் கொடுப்பாங்க, வெளியூர் கூரியர்காரருக்கு என்ன புரியும் சொல்லுங்க.

செலவு விசயம். கேம்பெயின்ல பட்ஜெட்டட் காஸ்ட், ஆக்சுவல் காஸ்ட்னு ரெண்டு ஃபீல்டு இருக்கும், சோஹோங்கிற சிஆர்எம்லயும் இருக்கு. ஆக்சுவல்ல பொருள் விலை மட்டும் போடாதீங்க, பேக்கிங், கூரியர், அது போக ஜிஎஸ்டியும் சேருங்க, ஏன்னா கிஃப்ட்டா கொடுத்த பொருளுக்கு ஜிஎஸ்டி சட்டம் 17(5) படி இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டின வரியை கழிச்சுக்கிடுறது) எடுக்க முடியாது, கட்டின வரி முழுசும் உங்க செலவுதான். அப்புறம் 2022 ஜூலை 1 முதல் வருமான வரில 194ஆர்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, தொழில் தொடர்புல ஒரு பார்ட்டிக்கு ஒரு நிதியாண்டுல 20,000 ரூபாய்க்கு மேல பொருளா சலுகையா கொடுத்தா 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கிறவங்களே வரி பிடிச்சு கட்டணும். நீங்க கிஃப்ட்டை மேனேஜர் பேர்லயோ டைரக்டர் பேர்லயோ அனுப்பினாலும் கணக்கு அந்த கஸ்டமர் கம்பெனி பேர்லதான் வரும். அதனால ஓணம், தீபாவளி, கிறிஸ்மஸ் மூணோட மதிப்பும் அக்கவுண்ட் (சிஆர்எம்ல கஸ்டமர் கம்பெனியோட பதிவு) வாரியா கூடுற மாதிரி ஏப்ரல் டு மார்ச் ரிப்போர்ட் ஒண்ணு வைங்க, உங்களுக்கு இது பொருந்துமான்னு ஆடிட்டர்ட்ட கேட்டுக்கிடுங்க. ஒரே ஆளை ஒரே கேம்பெயின்ல ரெண்டு தடவை மெம்பரா சேல்ஸ்ஃபோர்ஸ் சேக்க விடாது, ஒருத்தருக்கு ஒரே சீசன்ல ரெண்டு பொருள் போகும்னா கிஃப்ட்டுக்குன்னு தனி கஸ்டம் ஆப்ஜெக்ட் (நீங்களே உருவாக்குற டேபிள்) போட்டுருங்க.

இனி எல்லாரும் கேக்குற கேள்வி, கிஃப்ட்டால பிசினஸ் வந்துதா? இங்க சிஆர்எம் காட்டுற நம்பரை அப்படியே நம்பிராதீங்க. சேல்ஸ்ஃபோர்ஸ்ல ஒரு லீடை (இன்னும் கஸ்டமர் ஆகாத ஆளை) கன்வெர்ட் பண்ணும்போது, அவர் பல கேம்பெயின்ல இருந்தா கடைசியா எதுல ஸ்டேட்டஸ் மாறிச்சோ அதுதான் ஆப்பர்ச்சுனிட்டில (டீலோட பதிவுல) ப்ரைமரி கேம்பெயின் சோர்ஸா, அதாவது இந்த டீல் எதனால வந்துதுங்கிற இடத்துல, போய் உக்காரும். அதாவது எக்ஸ்போல பிடிச்ச ஆளு, ஆறு மாசம் உங்க ஆளு அலைஞ்சு திரிஞ்சு பேசினது, போன வாரம் தேன் பாட்டில் டெலிவரின்னு ஸ்டேட்டஸ் மாத்தினதால மொத்த கிரெடிட்டும் தேனுக்கு போயிரும். இது அலைஞ்சவனுக்கு செய்ற அநியாயம், எனக்கு இதுல விட்டுக்கொடுக்கவே மனசு வராது. நான் சொல்றது, பார்சல் கைக்கு கிடைச்ச தேதிக்கு முன்னாடியே ஓப்பன் ஆன டீலை கிஃப்ட் கணக்குல சேக்காதீங்க, அதே அளவு ஆர்டர் தர்ற, ஆனா கிஃப்ட் போகாத அக்கவுண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லன்னா கிஃப்ட் உறவுக்கு அனுப்புனது, சேல்ஸுக்கு இல்ல, அப்படியே எழுதி வைங்க, அதுல ஒரு குறையும் கிடையாது.

அக்கவுண்ட்ல மட்டும் ஒரு செக்பாக்ஸ் வைங்க, "கிஃப்ட் கூடாது"ன்னு. அரசு ஆபீஸ், பொதுத்துறை, கிஃப்ட் வாங்கக்கூடாதுன்னு பாலிசி வச்சிருக்க கம்பெனி எல்லாம் அதுல டிக், அவங்க கேம்பெயின் லிஸ்ட்டுக்குள்ளேயே வரக்கூடாது. காண்டாக்ட்ல "இனிப்பு வேண்டாம்"னு குறிக்கலாம், ஆனா அவருக்கு சுகர்ங்கிற காரணத்தை எழுதாதீங்க, பாட்டில் மாத்தி அனுப்புறதுக்கு அவர் உடம்பு விசயம் நமக்கு தேவையில்ல. வீட்டு அட்ரஸும் அவர்ட்ட கேட்டு வாங்கினதா மட்டும் இருக்கட்டும்.

பழைய எக்செல்லை ஏத்தும்போது பேரை வச்சு மேட்ச் பண்ணாதீங்க. இனிஷியல் ஒரு வருசம் முன்னாடி இருக்கும், ஒரு வருசம் பின்னாடி இருக்கும், ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க. மொபைல் நம்பரை வச்சு மேட்ச் பண்ணுங்க, நம்பர் இல்லாத வரியை தனியா எடுத்து சேல்ஸ்ல பழைய ஆள் ஒருத்தர்ட்ட கொடுத்து உக்காந்து பாக்கச் சொல்லுங்க. ஓணம் லிஸ்ட்டுக்கு முன்னாடி இதை முடிச்சிட்டா தீபாவளிக்கு நிம்மதியா இருக்கலாம்.